மாணிக்கவாசகத்தின் தோல்விக் குறிப்புகள்

மலாயாவின் காஜா பெராங்கில் இருந்த அந்தச் சின்ன ரப்பர் ஆராய்ச்சிக்கூடத்தில் மாணிக்கவாசகம் பன்னிரண்டு வருஷமாக உதவியாளர். தோட்டத்து ரப்பர் பால் ஆலைக்குப் போகுமுன் திரிந்துவிடாமல் காக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. மருந்து சில நாள் பலிக்கும். சில நாள் காலை வாரிவிடும். பலித்ததை அறிக்கையில் எழுதுவார். பலிக்காததை ஒரு நோட்டில் எழுதி இழுப்பறையில் பூட்டிவிடுவார்.

சுதந்திரம் வந்த வருஷம் வெள்ளைக்காரத் தலைவர் கப்பலேறினார். புதுத் தலைவர் ராஜரத்தினம், சிங்கப்பூரில் வேதியியல் படித்த சுல்தானாவை வேலைக்கு எடுத்தார். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட நேரம். சுல்தானாவோ எல்லாரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "எது சரியா வரல?" லோரிக்காரரைக்கூட விடவில்லை. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று மாணிக்கவாசகம் முடிவுகட்டினார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பியவர், நோட்டில் ஏற்றிவிட்டுத் தான் கசக்கிக் குப்பையில் போட்ட தாளை அவள் நீவிப் படிப்பதைப் பார்த்துவிட்டார்.

"யாருக்கு ரிப்போர்ட் எழுதுறீங்க மிஸ்? பெரியவருக்கா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "கேட்டா தர மாட்டீங்கன்னு எடுத்துட்டேன். தப்புதான் அண்ணே. ஆனா இந்தத் தேதிகளைப் பாருங்க."

தாளில் மருந்து பலிக்காத மூன்று நாட்கள். பக்கத்தில் லோரி ஓட்டும் சுப்பையனின் பயணப் புத்தகம். அந்த மூன்று நாளும் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் இல்லை. பால் டிரம்களைக் குட்டைத் தண்ணீரில் அலசியிருந்தார் சுப்பையன்.

வாசலில் நின்ற சுப்பையன் மேல் மாணிக்கவாசகம் பாய்ந்தார். "இத்தன வருஷமா ஏம்ப்பா சொல்லல?"

"யாரு கேட்டா? உள்ள வந்தாலே மொறைப்பீங்க."

மாணிக்கவாசகம் இழுப்பறையைத் திறந்தார். நோட்டை அவளிடம் கொடுக்கவில்லை. தானே தேதிகளைப் படிக்க, அவள் பயணப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். முப்பத்தொரு தோல்வியில் இருபத்தாறு, குட்டைத் தண்ணீர் நாட்கள்.

டிரம்களைக் கொதிநீரில் கழுவ ஆரம்பித்ததும் பால் தாக்குப்பிடித்தது. அதன்பின் ராஜரத்தினம் வாரம் ஒருமுறை எல்லாரையும், சுப்பையனையும்கூட, தேநீருக்கு உட்காரவைத்து, சரியாக வராததைச் சொல்லச் சொன்னார். இரண்டு வாரம் மாணிக்கவாசகம் வாய் திறக்கவில்லை. தலைவர் யார் பெயரையாவது குறித்துக்கொள்கிறாரா என்றே பார்த்திருந்தார். மூன்றாம் வாரம் மெல்லச் சொன்னார்: "போன வாரம் மருந்துல அமோனியா அளவை மாத்தி ஊத்திட்டேன்."

யாரும் எழுதவில்லை. "எந்த டிரம்லண்ணே? ஒண்ணு மட்டும் இன்னும் திரியாம நிக்குது," என்றார் சுப்பையன்.

அடுத்த சோதனை அந்த டிரம்மில்தான் தொடங்கியது. மாணிக்கவாசகம் இன்னும் எட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தார். ராஜரத்தினத்தின் கையில் பேனா இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் பேசத் தொடங்குவார்.