சினை ஊசிக்காரி வீட்டுக் கரு

ஹியூமன்ஸ்டார்ப் ஊர்ப் பக்கத்துப் பால்பண்ணைகளில் பதினாறு வருடமாகப் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டு வந்தவள் புமேசா. அவள் கைராசியில் பிறந்த கன்றுகள் ஆயிரக்கணக்கில் மேய்ந்தன. அப்படிப்பட்டவள் தன் வீட்டில் இரண்டு முறை தோற்றுப்போனாள்.

அவளும் லிண்டெல்வா என்ற பெண்ணும் கல்யாணம் செய்து ஆறு வருடம். பிள்ளையைச் சுமக்கப்போவது லிண்டெல்வா. விந்து கொடுக்க நண்பன் சகும்சி சம்மதித்திருந்தான். பண்ணைக்குக் காளை விந்து உறைந்துதான் வரும். குளிர் விட்டால் கெட்டுவிடும். அந்தப் பழக்கத்தில், அவன் தந்த குப்பியையும் புமேசா ஐஸ் பெட்டியில் வைத்தே கொண்டுவந்தாள். இரண்டு மாதமும் வீண்.

கிளினிக் நர்ஸ் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, அது என்ன மீனா ஐஸ்ல வைக்க? உடம்புச் சூட்டுல வெச்சிருக்கணும். ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை முடியணும்.”

மூன்றாம் மாதத்தை விட்டால் வழியில்லை. அடுத்த வாரம் சகும்சி கப்பல் வேலைக்குப் போகிறான். வந்து சேர இரண்டு வருடமாகும். லிண்டெல்வாவுக்கோ நாற்பது நெருங்கியது.

“அக்கா, இந்தத் தடவையாவது மாட்டு நெனப்ப விடு,” என்று குப்பியை நீட்டினான் சகும்சி.

“வாய மூடுடா.”

ரவிக்கைக்குள் மார்போடு சேர்த்துச் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தாள். பாதி வழியில் ஒரு மந்தை சாலையைக் கடந்தது. மற்ற நாளாயிருந்தால் இறங்கிக் கத்தியிருப்பாள். இன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குப்பியில் இருந்தது ஒரு கரண்டிகூட இராது. இத்தனை வருடமும் எண் போட்ட குழாய்களாகவே அதை அறிந்தவளுக்கு, தன் சூட்டில் அது உயிரோடு இருக்கிறது என்ற நினைப்பே மயிர்க்கூச்செறிய வைத்தது.

வீட்டில் ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்து, குப்பியிலிருந்ததை அதில் உறிஞ்சினாள்.

“வாலத் தூக்கணுமா, டாக்டரம்மா?” என்றாள் படுத்திருந்த லிண்டெல்வா.

“சிரிக்காதடி. அசையாத.”

ஐந்து வாரம் கழித்து ஸ்கேன் அறை. சாம்பல் திரையில், அரிசி மணி அளவில் ஏதோ படபடவென்று துடித்தது.

“அதுதான் இதயம்,” என்றார் டாக்டர்.

புமேசா தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“என்ன, தொப்பியெல்லாம் கழட்டற? தெனம் பாக்கற வேலைதானே?” என்றாள் லிண்டெல்வா.

புமேசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல லிண்டா. இத நான் பாத்ததே இல்ல.”