வாய் திறவாத ஜெபம்

அன்பான சபையாரே, சென்ற மழைக்காலத்தில் நான் மூன்று முறை நீருக்குள் தலைகீழாகத் தொங்கினேன். மூன்றாம் முறை நிகழ்ந்ததற்குச் சாட்சியாகவே இதை எழுதுகிறேன்.

நடுக்கடலில் நிற்கும் எரிவாயு மேடையொன்றில் நான் சமையற்காரன். அங்குப் போக்குவரத்து ஹெலிகாப்டரில்தான். அது கடலில் விழுந்தால் தப்பும் பயிற்சியில் தேறாதவனுக்கு அங்கு வேலையில்லை. நோயுற்ற என் மனைவிக்கோ அந்த வேலையையன்றி வேறு ஆதாரமில்லை.

பர்மாவின் தன்லியின் நகரில் உள்ள பயிற்சிக் குளத்தில், ஹெலிகாப்டர் போன்ற கூண்டொன்றில் எங்களை வாரினால் கட்டி, விளக்கணைத்து, நீரில் இறக்கிக் கவிழ்ப்பார்கள். மார்பில் சிறு காற்றுப்புட்டி. அதன் குழாயை வாயில் கவ்வி மூச்சுவிட வேண்டும். ஒரு கை சன்னலைப் பற்றியிருக்க வேண்டும். கூண்டு அசைவற்ற பின்பே வாரை அவிழ்க்கலாம்.

நானோ சிறுவயது முதல் உரத்து ஜெபிக்கிறவன். முதல் இருமுறையும் நீர் முகத்தை மூடியதும் “ஆண்டவரே!” என்று கூப்பிட்டேன். குழாய் நழுவிற்று. முக்குளிப்போர் இருவர் என்னை வெளியே இழுத்தனர்.

உடன் வேலை செய்யும் செல்வம் சிரித்தான். “ஏண்ணே, ஆண்டவருக்குக் காது மந்தமா? தண்ணிக்குள்ளயும் மைக் வேணுமா ஒங்களுக்கு?”

பயிற்சியாளர் கோ மின் சிரிக்கவில்லை. “ஊலே, இன்னும் ஒரே தடவைதான்” என்றார், மாமனை அழைக்கும் பர்மியப் பணிவோடு.

மூன்றாம் முறை செல்வம் எனக்குப் பின்னிருக்கையில் இருந்தான். கூண்டு கவிழ்ந்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. என் மூச்சே, யாரோ காதருகில் மூச்சுவிடுவதுபோல் கேட்டது. குழாயைக் கவ்வியபடி மனத்துக்குள் மட்டும் “ஆண்டவரே” என்றேன். ஆயினும் அச்சம் வென்றது. கூண்டு சுழலும்போதே சன்னலை விட்டு, இரு கைகளாலும் வாரைப் பற்றினேன்.

அப்பொழுது ஒரு கரம் என் கைகளின்மேல் அமர்ந்தது. அந்தக் குளிர்ந்த நீரில் அது வெதுவெதுப்பாயிருந்தது. அசைவு நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தது. பின் என் வலக்கையை எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்தது. வாரை அவிழ்த்து வெளியேறினேன்.

கரையேறி, என் கையைப் பிடித்தவர் முக்குளிப்போரில் ஒருவர்தான் என்றெண்ணி அவர்களுக்கு நன்றி சொன்னேன்.

“உங்க பக்கம் யாரும் வரலியே, ஊலே” என்றார் கோ மின். “ரெண்டு பேரும் பின்னாடில்ல இருந்தாங்க.”

செல்வத்தின் முகம் வெளுத்திருந்தது. “ஆமாண்ணே. என் பெல்ட்டு சிக்கிருச்சு. ரெண்டு பேரும் என்கிட்டதான்.” என் கைகளைப் பார்த்து, “அப்ப ஒங்க கையப் பிடிச்சது யாருண்ணே?” என்றான்.

“நான் மனசுக்குள்ள கூப்பிட்டவர்தான்” என்று அவனுக்குச் சொன்னேன். இப்பொழுது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

இன்றும் கடலுக்குமேல் பறக்கிறேன். என் ஜெபத்தில் இப்பொழுது சத்தமில்லை. “விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டீங்களோன்னு பயந்தேன்” என்கிறாள் மனைவி. இல்லை, நெருங்கிவிட்டேன்.

கூப்பிடவும் வாய் திறக்க முடியாத நெருக்கடியில் உங்களில் எவரேனும் இருந்தால், வாய் திறக்க வேண்டாம். நினையுங்கள், போதும். அவருக்கே ஸ்தோத்திரம்.