இடப்பக்கம் திரும்பாத கார்

என் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான அலாய் வீலும் டயரும் மாட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செங்கம் ரோட்டுக் கடையில் மாட்டிக்கொண்டு அடி அண்ணாமலை வீட்டுக்கு வரும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. வழியெல்லாம் மலை வலப்பக்கம்தானே, ரோடும் அந்தப் பக்கமே வளையும்! மறுநாள் மனைவியோடு அதே வழியில் திரும்பிப் போனால், ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாலே டயர் மட்கார்டில் கரகரவென்று உரசுகிறது. நிறுத்திவிட்டுக் கடைக்காரருக்கு போன் போட்டேன்.

“எடுத்துட்டு வாங்க சார், பாத்துடலாம்.”

“லெஃப்ட்லயே திரும்ப மாட்டேங்குது, எப்படிங்க எடுத்துட்டு வர்றது?”

மனைவி சிரித்தாள். “அப்ப மலையைச் சுத்திக்கினு போலாங்க. ரைட்லயே போய்டலாம்.”

கல்யாணமானதிலிருந்து கிரிவலத்துக்குக் கூப்பிடுகிறாள். எனக்குத்தான் நேரமே இருந்ததில்லை. அன்று சுற்றி முடிக்கும்வரை நான் டயரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவள் ஒவ்வொரு லிங்கத்தையும் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். கடை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்த வீலை மாத்தாதீங்க” என்றாள்.

மாற்றாமல் எப்படி? பழைய வீலையே மாட்டினேன். கார் இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால், என் கைதான் இடப்பக்கம் ஒடிக்க மாட்டேன் என்கிறது.