கள்ளிக்கு விட்ட தீர்த்தம்

குளிர்காலத்தில் கள்ளிச் செடி வைப்பவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் கல்கத்தாவில் பவானிபூரில் குடியிருக்கிறோம். எங்கள் ஒரே பெண் காமு ஐப்பசியில் ஜுரம் கண்டு பகவானிடம் போய்விட்டாள். அவள் ஆசையாய் வளர்த்தது ஓர் உருண்டைக் கள்ளி. வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டியது. மார்கழிப் பனியில் அடிக்கள்ளி அழுகத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு வங்காளி பாபு மேல் உருண்டையை அறுத்தெடுத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு உலர்ந்த மணலில் வைத்துக் கொடுத்தார். "வேர் விடட்டும் மொஷாய் (ஐயா). குளிர் போகும்வரை ஒரு சொட்டு ஜலம் கூடாது" என்றார்.

ஒரு நாள் காலையில் பார்த்தேன். மணல் ஈரமாயிருந்தது. தொட்டதும் கள்ளி கூழாய் அமுங்கிற்று.

"யார் ஜலம் விட்டது?" என்று இரைந்தேன்.

"நான்தான். தினம் ஸ்வாமி தீர்த்தம் ஓர் உத்தரணிக் கரண்டி விட்டேன்" என்றாள் என் மனைவி. "டாக்டர் கூடாதுன்னார்னு, குழந்தை கடைசிவரைக்கும் கேட்டும் ஜலம் கொடுக்கலை. இதையும் தாகத்தோட வைக்கச் சொல்றேளா?"

அழுகிய கள்ளியை எடுத்துக்கொண்டு பாபு வீட்டுக்குப் போனேன்.

பாபு தம் செடியிலிருந்து வேறொரு துண்டு கொடுத்திருக்கிறார். ஜன்னலோரம் உலர்ந்த மணலில் இருக்கிறது. வேர் விடாத கள்ளிக்குக் குளிரில் ஈரமே எமன் என்று இப்போது இருவருக்கும் தெரியும். பூஜை முடிந்ததும் அந்த உத்தரணித் தீர்த்தத்தைக் காமுவின் பெயரைச் சொல்லித் துளசிக்கு விடுகிறேன்.

"இன்னும் ஒண்ணு விடுங்கோ" என்கிறாள் மனைவி, அருகில் நின்று. விடுகிறேன்.