கண்ணாடி தேய்த்தவர்

திண்டிவனத்தில் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கொட்டகையில் ஒருவர், நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கிக்காகப் பெரிய தாம்பாளம் அளவுக் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. கண்ணாடியைப் பீப்பாய்மேல் வைத்து, முரட்டுப் பொடியில் தொடங்கி வரவர நைசான பொடியும் தண்ணீரும் விட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே தேய்ப்பார்.

பாலிஷ் முடியும் சமயம், உதவுவதாக நினைத்து என் துண்டால் அதைத் துடைத்தேன். துண்டிலிருந்த கல்தூள் நீளமாகக் கோடு கிழித்துவிட்டது.

அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நாலு மாச வேலப்பா."

"திட்டிடுங்கண்ணே."

"திட்டுனா கோடு பூடுமா? கையக் கழுவிக்கினு வா. முரட்டுப் பொடிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

முன்பு வேலை பார்த்த ஊர்களில் இப்படித் தப்பு நேர்ந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவேன். அவர் மறுபடி முதல் சுற்று நடக்கத் தொடங்கியதும், தண்ணீர் ஊற்ற நின்றுவிட்டேன். என்னை ஏன் அந்தக் கண்ணாடிப் பக்கம் மீண்டும் விட்டார் என்பது இன்றும் விளங்கவில்லை.