தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி

கனடாவின் வின்னிபெக்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுக்காரர் தன் காரின் முன்பக்கம் தொங்கிய ஒயரைச் சுவர் பிளக்கில் செருகுவதைப் பார்த்தேன். மின்சாரக் கார் போலிருக்கிறது என்று, "எவ்வளவு தூரம் போகும்?" எனக் கேட்டேன். "ஃபுல் டேங்க் போட்டால் அறுநூறு கிலோமீட்டர்" என்றார். ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன். இன்ஜின் உறையாமலிருக்க இங்கே காரை மின்சாரத்தில் சூடாக வைக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது வருஷத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. அதனாலோ என்னவோ, போன மாதம் லீவில் சொந்த ஊரான மணவாள நகர் போனபோது அக்காவின் கார் என் மண்டையைக் குழப்பியது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்தில் நான் வாங்கிய டர்போ டீசல் கார் அது. கனடாவுக்குக் கிளம்பும்போது அவளிடம் கொடுத்துவிட்டேன். அதே பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில்தான் இப்போது அக்காவுக்கு வேலை. கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. இரண்டு முறை வண்டி நடுவழியில் நின்றிருக்கிறது.

"திங்கக்கெழம எட்டரைக்கு உள்ள இருக்கணும். மறுபடி லேட்டுன்னா நானே வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்டா. நீ இருக்கசொல்லவே சரி பண்ணு" என்றாள்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் உதறல். நெடுஞ்சாலையில் ஓட்டினால், இன்ஜின் சூடே ஏறவில்லை என்றது நான் கொண்டுபோயிருந்த ஸ்கேனர். செங்குன்றத்தில் லாரிகளுக்கு நடுவே பத்து நிமிஷம் நின்றதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓடினால் குளிர்கிறது, நின்றால் கொதிக்கிறது, இதென்ன கூத்து? டர்போ ஹோஸில் ஓட்டையா, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா, சென்சார் பொய் சொல்கிறதா? ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு இரண்டு நாளை வீணாக்கினேன்.

சனிக்கிழமை அக்காவோடு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அந்தக் காலத்தில் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் ஏழுமலை அங்கேயே இருந்தார். இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே உப்பு கட்டி கட்டியாகப் படிந்திருந்தது.

"போர் தண்ணிய ஊத்திக்கினே இருந்தா இன்னா ஆவும்? பாதி அடைச்சிக்கினு கீது. அதான் நின்னா ஹீட்டு."

அக்கா வேறு பக்கம் பார்த்தாள். ஓடும்போது ஏன் குளிர்கிறது என்று கேட்டேன். தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடத்தைக் கழற்றினார். காலி. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. அது இல்லாததால்தான் சூடு ஏறாமல் அத்தனை உதறல். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எந்த மடையன் கழட்டினான்?"

ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டார். "கழட்டுனது நான்தான் சார். கழட்டச் சொன்னது நீங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்குணான்னு கேட்டீங்களே, நெனப்பு இல்லியா?"

இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அப்போது பேட்டையில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் புத்திசாலித்தனம். வெட்கமாகப் போய்விட்டது.

"ரேடியேட்டர கழுவி உட்டுட்றேன். இத இப்ப போட்டுடவா, வோணாமா?" என்றார். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். எந்த ஊர்க்காரனாகப் பதில் சொல்வதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினேன். "போட்டுடுங்கணா" என்றேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. நானே கூப்பிட்டபோது வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள்.

"டைமுக்கு வந்துட்டேன்டா. முள்ளு பாதியிலயே நின்னுச்சு. ஏழுமலை அண்ணங்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

"மொதல்ல எனக்குச் சொல்லக் கூடாதா?"

"நீ புதன்கெழம போயிடுவ இல்ல? அவருதானே இங்க இருக்காரு" என்றாள், வெகு சாதாரணமாக.

வாசலில் கார் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் போய் நின்றுகொண்டு, அவள் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.