முட்டைப் பத்தியம்

போன மாதம் எங்கள் காபித் தோட்டத்தில் புதர் வெட்டப் போனேன். புதர் தப்பித்தது... அரிவாள் என் காலில் இறங்கியது. ஏற்காட்டில் தையல் போட்டுக்கொண்டு ஜீப்பில் நாகலூர் வந்து இறங்குவதற்குள், ஊருக்கே சேதி தெரிந்துவிட்டது.

அடிபட்டவனைப் பார்க்க எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வெறும் வாயோடும் வர மாட்டார்கள் — ஆளுக்கொரு ‘ஆகாது’ கைவசம் இருக்கும்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார். பின்னாலேயே ஆரஞ்சுப் பையோடு வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் முகம் சுளித்தார்.

“ஏனுங்க, புண்ணுக்குப் போயி முட்டை குடுப்பாங்களா? சீழ் வெச்சிருமுங்க.”

அக்கா விடுவாரா? “உங்க ஆரஞ்சு மட்டும் நல்லதுங்களா? புளிப்பு தின்னா தையலே உட்டுப்போயிருமுங்க.”

முட்டையை ரைட்டர் எடுத்துப் போனார். ஆரஞ்சை அக்கா எடுத்துப் போனார். என்னை ஆபத்தோடு தனியே விட்டுப்போக இருவருக்குமே மனசில்லை!

அடுத்தடுத்து வந்தவர்களால் கத்தரிக்காய் போயிற்று, கருவாடு போயிற்று, பருப்பும் போயிற்று. மிஞ்சியது கஞ்சி. அதில் உப்பு போடலாமா என்று ஒருவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

கட்டு மாற்றப் போனபோது நர்சம்மா காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புண் ஆறவே இல்லை.

“என்னங்க சாப்பிடறீங்க?”

“கஞ்சிங்க.”

“கஞ்சியில எங்கீங்க சதை வளரும்? முட்டை, பருப்பு, கீரை, ஆரஞ்சுன்னு நல்லாச் சாப்பிடுங்க. இப்படியே போனா மறுபடியும் தையல்தான்.”

மறுபடியுமா? தோட்டத்தில் காபி பழுத்து நிற்கிறது. நான் சரிவில் இறங்காவிட்டால் அத்தனையும் மண்ணில் அல்லவா உதிரும்?

வீடு வந்ததும் மனைவி ஸ்டெல்லா முட்டையை வேகவைத்தாள். வாசலில் சின்னப்பொண்ணு அக்கா.

“வேண்டாங் கண்ணு... நொம்பக் கெடுதல்.”

ஸ்டெல்லா அசரவில்லை. “நர்சம்மா பத்தியம் சொல்லியிருக்காங்கக்கா. முட்டைப் பத்தியம். கூடவே பருப்பு, கீரை, ஆரஞ்சு. ஒரு வேளை தப்புனாலும் புண்ணு ஆறாதாம்.”

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘நல்லாச் சாப்பிடு’ என்றால் எங்கள் ஊர் சந்தேகப்படும். ‘பத்தியம்’ என்று சொல்லிப் பாருங்கள் — காவலுக்கே வந்துவிடும்! மறுநாளிலிருந்து அக்காவே முட்டை அவித்துவந்து, நான் விழுங்கும்வரை எதிரில் நின்றார். ரைட்டர் ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

புண் ஆறியது. இந்த வாரம் பழம் பறிக்கச் சரிவில் இறங்கிவிட்டேன். மேலே ரோட்டில், விரலில் கட்டோடு நின்ற ஒருவரிடம் ரைட்டர் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“என்ன வேணா தின்னுங்க... கஞ்சி மட்டும் ஆகவே ஆகாதுங்க.”